தொட்டால் தெரிய வேண்டும்: ஹேப்டிக்ஸ் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

உலக ஹேப்டிக்ஸ் மாநாட்டில் நடக்கும் மாணவர் புத்தாக்கப் போட்டியைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். ஹேப்டிக்ஸ் என்றால் தொடு உணர்வைத் திருப்பித் தரும் தொழில்நுட்பம். சட்டைப் பையில் ஃபோன் அதிர்வதும் அதுதான், அறுவை சிகிச்சைப் பயிற்சிக் கருவியில் கத்தி சதையை அழுத்துவது போலக் கையில் எதிர்ப்பு வருவதும் அதுதான். குறிப்பைப் படித்துவிட்டுப் பல கல்லூரிகளிலிருந்து கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: இந்தப் போட்டியை நடத்துவது யார்? பி.இ. படிக்கும் நாங்கள் கலந்துகொள்ளலாமா? (மூன்றாம் ஆண்டு மாணவி, கோவை)

மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. நடத்தும் உலக ஹேப்டிக்ஸ் மாநாடு 2005-ல் இத்தாலியின் பீசா நகரில் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடுகிறது. 2019-ல் டோக்கியோ, 2021-ல் மாண்ட்ரியல் பெயரில் இணையவழி, 2023-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், 2025-ல் தென்கொரியாவின் சுவோன். மாணவர் போட்டி இந்த மாநாட்டின் ஓர் அங்கம். குழுவாகச் சேர்ந்து யோசனையை எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் கருவியைச் செய்து முடித்து, மாநாட்டு அரங்கில் மேசை போட்டு வைக்க வேண்டும்.

குழுவில் எத்தனை பேர், எந்தப் படிப்பு, குறிப்பிட்ட வன்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டுமா என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டு அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

நம் கல்லூரிக் கண்காட்சிகளில் சார்ட் ஒட்டி, பத்து நிமிடம் விளக்கி, கடைசியில் கருவியை இயக்கிக் காட்டுவது வழக்கம். இங்கே வரிசை தலைகீழ். வருபவர் முதலில் கையை நீட்டுவார். நீங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே அவர் விரல் தீர்ப்புச் சொல்லிவிடும். ஆகவே யோசனையை எழுதும்போதே நான்கு விஷயங்களை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: யாருடைய தோல், உடம்பில் எந்த இடம், அங்கே என்ன உணர்வு, அதை உணர்ந்தவர் அடுத்து என்ன செய்வார். நான்காவதற்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம்.

கேள்வி: கையுறையில் ஆறு காயின் மோட்டார் தைத்து, ஆர்டுயினோவின் ஆறு பின்களில் நேரடியாக இணைத்தோம். அதிர்வு மிகவும் மெலிதாக இருக்கிறது. எல்லாம் ஒன்றாக இயங்கும்போது போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. என்ன தவறு? (மதுரை மாணவர் குழு)

மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தை, ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டுப் போர்டின் பின் (இணைப்புக் கால்) தர முடியாது. 10 மி.மீ. விட்டமுள்ள 3 வோல்ட் காயின் மோட்டார் (நாணய வடிவ அதிர்வு மோட்டார்) ஓடும்போது சுமார் 60 முதல் 80 மில்லி ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் 100-ஐத் தாண்டும். ஆர்டுயினோ ஊனோவின் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர். பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 20. இப்போது உங்கள் போர்டு வேலை செய்கிறது என்றாலும் அந்தப் பின்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருக்கின்றன. இன்றே கழற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர் வையுங்கள். பின்னிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸ், எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் மோட்டாரின் ஒரு முனைக்கு, மோட்டாரின் மறுமுனை சப்ளைக்கு. மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டையோடு, கோடு போட்ட பக்கம் சப்ளையை நோக்கி. இந்த டையோடை விட்டுவிடுபவர்கள் அதிகம். மோட்டாரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சுருளில் எழும் எதிர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைத் தாக்கும். முதல் நாள் நன்றாக இருந்தது மூன்றாம் நாள் கெட்டுப்போவது இதனால்தான். மோட்டாருக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றும் வையுங்கள், பிரஷ் எழுப்பும் மின்னிரைச்சல் அடங்கும்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் மாஸ்ஃபெட் போடுவதானால் எண்ணைக் கவனித்து வாங்குங்கள். ஐஆர்எஃப்இசட்44என், ஐஆர்எல்இசட்44என் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவது 3.3 வோல்ட் கேட்டில் முழுதாகத் திறக்காது. பின்னில் 3.3 வோல்ட் மட்டுமே தரும் இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

ரீசெட் ஆவதற்குக் காரணம் சப்ளை. ஆறு மோட்டார் ஒரே கணத்தில் கிளம்பினால் 600 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், லேப்டாப்பின் யுஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் சரிந்துவிடும். மோட்டார்களுக்குத் தனி சப்ளை கொடுங்கள். இரண்டு சப்ளைகளின் கிரவுண்டையும் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் எதுவும் இயங்காது, அல்லது தன் இஷ்டத்துக்கு இயங்கும். மோட்டார் சப்ளையில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. மென்பொருளில் மோட்டார்களை 10 மில்லி விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளப்பினாலே உச்ச இழுவை நன்றாகக் குறையும், விரலுக்கு அந்த இடைவெளி பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று: 5 வோல்ட் சப்ளையில் 3 வோல்ட் மோட்டாரை முழு வேகத்தில் விடாதீர்கள். பிடபிள்யூஎம் (மின்னழுத்தத்தை வேகமாகப் போட்டு அணைத்துச் சராசரியைக் குறைக்கும் முறை) மதிப்பு 255-ல் 153 என்று வைத்தால் சராசரி 3 வோல்ட் வரும்.

கேள்வி: காயின் மோட்டார், எல்ஆர்ஏ, பீசோ என்று கடையில் பல பெயர் சொல்கிறார்கள். எதை வாங்குவது? (பாலிடெக்னிக் மாணவர், திருநெல்வேலி)

முதலில் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. விரல் நுனியில் வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு ஏற்பிகள் உள்ளன. ஆழத்தில் இருக்கும் பசினியன் ஏற்பிகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கு மிக நுட்பமானவை, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அசைவைக்கூடப் பிடித்துவிடும். மேலே உள்ள மைஸ்னர் ஏற்பிகள் 10 முதல் 50 ஹெர்ட்ஸ் வரையிலான படபடப்பை உணரும். விளிம்பு, அழுத்தம் இவற்றுக்கு மெர்க்கல். நீங்கள் வாங்கும் மோட்டார் இவற்றில் எதனோடு பேசப் போகிறது என்பதே கேள்வி.

காயின் மோட்டாருக்குள் மையம் விலகிய எடை ஒன்று சுழல்கிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் 200 ஹெர்ட்ஸ். விலை மலிவு, உரத்த அதிர்வு. ஆனால் வேகத்தைக் குறைத்தால் அதிர்வெண், வலிமை இரண்டும் சேர்ந்தே குறையும். ஒன்றை மட்டும் மாற்ற வழியில்லை. கிளம்பி முழு வேகம் எட்ட 50 முதல் 100 மில்லி விநாடி ஆகும். குறைந்த பிடபிள்யூஎம் கொடுத்தால் கிளம்பவே கிளம்பாது. முதல் 20, 30 மில்லி விநாடிக்கு முழு மின்னழுத்தம் கொடுத்து உதைத்துக் கிளப்பிவிட்டு, பிறகு குறைக்க வேண்டும்.

எல்ஆர்ஏ என்பது ஸ்பிரிங்கில் தொங்கும் எடையை முன்னும் பின்னும் ஆட்டுவது. சீக்கிரம் கிளம்பும், சீக்கிரம் நிற்கும். பட்டன் அழுத்தியது போன்ற 'டிக்' உணர்வு வேண்டுமென்றால் இதுதான். ஆனால் அதன் ஒத்ததிர்வில், பெரும்பாலும் 175 அல்லது 235 ஹெர்ட்ஸில், மட்டுமே நன்றாக ஆடும். பத்து ஹெர்ட்ஸ் தள்ளினாலே மங்கிவிடும். நேர்மின்னோட்டம் கொடுத்தால் ஒருமுறை நகர்ந்து அப்படியே நிற்கும். "மோட்டார் ரிப்பேர்" என்று திருப்பிக் கொடுக்கப்படும் எல்ஆர்ஏக்களில் பல நல்ல மோட்டார்களே.

இரண்டையும் இயக்க டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஆர்வி2605எல் சிப் வசதியானது. உள்ளேயே 123 அதிர்வு வடிவங்கள் இருக்கின்றன. எல்ஆர்ஏவின் ஒத்ததிர்வைத் தானே தேடிப் பிடிக்கும். நிறுத்தும்போது எதிர்த்திசையில் தள்ளி பிரேக் போடும். அதில் மூன்று இடங்களில் தவறு நடக்கும். அந்த சிப் தொடக்கத்தில் காயின் மோட்டார் இணைத்திருப்பதாகவே எண்ணிக்கொள்ளும்; எல்ஆர்ஏ இணைத்தால் மோட்டார் வகையைக் குறிக்கும் பிட்டை மாற்றி, எல்ஆர்ஏவுக்கான 6-வது லைப்ரரியை (அதிர்வுத் தொகுப்பை) தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, எல்லா டிஆர்வி2605எல் சிப்புக்கும் ஐ-டூ-சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரு கம்பி இணைப்பு) முகவரி ஒன்றே, ஹெக்ஸ் 5ஏ. இரண்டு மோட்டாரைத் தனித்தனியே இயக்க வேண்டுமானால் டிசிஏ9548ஏ என்ற எட்டு வழி மல்டிபிளெக்ஸர் தேவை. மூன்றாவது, தானியங்கி அளவுத்திருத்தத்தை மோட்டாரை மேசையில் வைத்துச் செய்யாதீர்கள். பட்டையில் பொருத்தி, இயங்கும்போது எப்படிப் பிடிக்கப்படுமோ அதே பிடியில் வைத்துச் செய்யுங்கள்.

பீசோ என்பது மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பொருள். அதற்குப் பல பத்து வோல்ட், சில வகைகளுக்கு நூறைத் தாண்டியும் வேண்டும். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

கேள்வி: இடுப்புப் பட்டையில் எட்டு மோட்டார் வைத்து வழிகாட்டும் கருவி செய்தோம். போட்டுப் பார்த்தவர்கள் "எல்லாப் பக்கமும் அதிர்கிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை" என்கிறார்கள். (நான்காம் ஆண்டு மாணவர், திருச்சி)

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: "மோட்டார்களை அக்ரிலிக் பட்டையில் ஹாட் குளூவால் ஒட்டியுள்ளோம்." கெட்டியான பட்டை ஒரு மோட்டாரின் அதிர்வை மற்ற ஏழு இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். தோலுக்குப் பட்டை முழுதும் ஒரே மோட்டார்தான்.

ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தீவாக்குங்கள். இழுபடும் எலாஸ்டிக் துணிப் பட்டை எடுங்கள். மோட்டாரை 15 மி.மீ. அகல மெல்லிய பிளாஸ்டிக் வில்லையில் ஒட்டி, வில்லைக்கும் பட்டைக்கும் நடுவே 5 மி.மீ. மென்மையான ஃபோம் வையுங்கள். ஃபோம் வெளிப்பக்கம், வில்லை உடம்புப் பக்கம். பட்டை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதும் முக்கியம்: தளர்ந்தால் மோட்டார் துணியைத்தான் ஆட்டும், அதிகம் இறுகினால் எடை அசைய இடமின்றி மோட்டார் திணறும். உட்காரும்போது வயிறு முன்னே வரும், நிற்கும்போது பட்டை தளரும். இரண்டு நிலையிலும் சோதியுங்கள்.

எட்டு என்ற எண்ணிக்கை தவறில்லை. வயிற்றைச் சுற்றி அதிர்வு வரும் இடத்தை எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள் என்று பார்த்து 2004-ல் வெளியான ஆய்வில், 12 இடம் வைத்தபோது 74 விழுக்காடும், 8 வைத்தபோது 92-ம், 6 வைத்தபோது 97-ம் சரியாக வந்தது. தொப்புளும் முதுகுத்தண்டும் உடம்பே வைத்திருக்கும் அடையாளக் கற்கள், அங்கே யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. ஆகவே ஒரு மோட்டார் சரியாகத் தொப்புளின் மேல் வர வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், நிலையான இடைவெளியில் தைத்த பட்டை எல்லோருக்கும் பொருந்தாது; வில்லைகளை வெல்க்ரோவால் ஒட்டினால் நகர்த்திக்கொள்ளலாம்.

எட்டுக்கு மேல் திசை வேண்டுமானால் மோட்டாரைக் கூட்டாமல் மாயையைப் பயன்படுத்துங்கள். பக்கத்துப் பக்கத்து இரு மோட்டாரையும் ஒரே நேரத்தில் இயக்கினால், நடுவில் ஒரே புள்ளி அதிர்வதாகத் தோலுக்குத் தோன்றும். சரியாக நடுவில் வர, ஒவ்வொன்றுக்கும் பாதி வலிமை கொடுத்தால் மங்கலாகும்; 0.71 பங்கு கொடுக்க வேண்டும், ஏனென்றால் கூட வேண்டியது ஆற்றல், ஆற்றலோ வீச்சின் வர்க்கம். அசைவு வேண்டுமானால் ஒன்று நிற்பதற்கு முன் அடுத்ததைத் தொடங்குங்கள். 2011-ல் இஸ்ரார், புப்பிரெவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தந்த கணக்கு எளிது: ஒவ்வோர் அதிர்வின் நீளத்தை 0.32-ஆல் பெருக்கி 47 மில்லி விநாடி கூட்டினால் அடுத்தது தொடங்க வேண்டிய நேரம். 100 மில்லி விநாடி அதிர்வு என்றால் 79-வது மில்லி விநாடியில் அடுத்தது. இடுப்பில் விரலால் கோடு இழுத்தது போல இருக்கும். காயின் மோட்டார் மெதுவாகக் கிளம்புவதால், அந்தத் தாமதத்தை அளந்து கணக்கில் சேர்த்தால்தான் இது சரியாக வரும்.

கேள்வி: வெப்பநிலையை 10 அளவாகப் பிரித்து, 10 வித அதிர்வு வலிமையால் சொல்லலாமா? (பள்ளி மாணவி, ஈரோடு)

வேண்டாம். அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்; தனியாக ஒன்றைக் கொடுத்து "இது எத்தனையாவது?" என்றால் மூன்று, நான்கு அளவுக்கு மேல் சொல்ல முடியாது. தாளத்தைப் பயன்படுத்துங்கள். நம் காது 'தகிட'வையும் 'தகதிமி'யையும் குழப்பிக்கொள்வதில்லை, தோலும் அப்படித்தான். மூன்று தாளம், இரண்டு இடம், இரண்டு வலிமை என்று வைத்தால் பன்னிரண்டு செய்தி கிடைக்கும், கற்றுக்கொள்ளவும் எளிது.

கேள்வி: கணினித் திரையில் சுவர், கையில் பிடித்த கைப்பிடியில் அதன் எதிர்ப்பு. ஸ்டான்ஃபோர்டின் ஹேப்கிட் என்ற பயிற்சிக் கருவியின் மாதிரியைப் பார்த்துச் செய்தோம். சுவரைத் தொட்டதும் கைப்பிடி 'டர்ர்ர்' என்று நடுங்குகிறது. ஸ்பிரிங் மதிப்பைக் குறைத்தால் நடுக்கம் நிற்கிறது, ஆனால் சுவர் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. (எம்.டெக். மாணவர், சென்னை)

இந்தத் துறையில் எல்லோரும் முட்டி நிற்கும் இடம் இது, தீர்வும் தெளிவாகத் தெரிந்தது. உண்மைச் சுவர் ஆற்றலைத் தராது. உங்கள் கணினிச் சுவர் தருகிறது. எப்படி என்று பாருங்கள்: கணினி நிலையை ஒரு கணம் அளந்து, அடுத்த அளவீடு வரை அதே விசையைப் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே போகும்போது இருக்க வேண்டியதைவிடச் சற்றுக் குறைவாகத் தள்ளுகிறது, வெளியே வரும்போது சற்று அதிகமாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு முறையும் இந்த உபரி கையில் சேர்ந்து நடுக்கமாகிறது. அதை விழுங்க இயந்திரத்தில் இயல்பான தணிப்பு (அசைவின் ஆற்றலை உறிஞ்சும் தன்மை) இருக்க வேண்டும். கோல்கேட் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-களில் காட்டிய விதி இதுதான்: இயந்திரத்தின் தணிப்பு, சுவர் விறைப்பையும் லூப் நேரத்தையும் (ஓர் அளவீட்டிலிருந்து அடுத்தது வரையிலான நேரம்) பெருக்கி இரண்டால் வகுத்ததைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

எண் போட்டுப் பார்ப்போம். விறைப்பு மீட்டருக்கு 500 நியூட்டன், லூப் நேரம் 1 மில்லி விநாடி என்றால் தேவையான தணிப்பு மீட்டருக்கு 0.25 நியூட்டன்-விநாடி. லூப் 10 மில்லி விநாடி ஆகிவிட்டால் 2.5. சிறிய கருவிக்கு அது எட்டாது. ஆக, விறைப்பைக் குறைப்பதற்கு முன் லூப்பை அளங்கள்.

நீங்கள் அனுப்பிய நிரலில் ஒவ்வொரு லூப்பிலும் நிலையை சீரியலில் (கணினிக்குச் செல்லும் தொடர் இணைப்பில்) அச்சிடும் வரி இருக்கிறது, வேகம் விநாடிக்கு 9600 பிட். அந்த வேகத்தில் ஒரு எழுத்து போக ஒரு மில்லி விநாடிக்குச் சற்று அதிகமாகும். பத்து எழுத்து அச்சிட்டால் பத்து மில்லி விநாடி. முதல் 64 எழுத்து பஃபரில் சேர்வதால் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. நிரம்பியதும் நிரல் நின்று காத்திருக்கும். உங்கள் 1000 ஹெர்ட்ஸ் லூப் 100 ஹெர்ட்ஸ் ஆனது அந்த ஒரு வரியால். வேகத்தை 1,15,200 ஆக்கி, 50 லூப்புக்கு ஒருமுறை மட்டும் அச்சிடுங்கள். விசைக் கணக்கை டைமர் இன்டரப்ட்டில் வையுங்கள். லூப் தொடங்கும்போது ஒரு பின்னை உயர்த்தி முடியும்போது இறக்கினால் ஆசிலாஸ்கோப்பில் உண்மை நேரம் தெரிந்துவிடும்.

பிறகும் நடுங்கினால் திசைவேகக் கணக்கைப் பாருங்கள். நிலையை அளக்கும் என்கோடரின் ஒரு படி கைப்பிடியில் 0.02 மி.மீ. என்று வையுங்கள். 1 மில்லி விநாடியில் ஒரு படி மாறினால் கணக்கில் வரும் திசைவேகம் விநாடிக்கு 20 மி.மீ.; மாறாவிட்டால் பூஜ்யம். இந்த இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும் எண்ணை வைத்து மென்பொருளில் தணிப்புச் சேர்த்தால் அதுவே புது நடுக்கம். ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போடுங்கள், ஆனால் அதிகம் வடிகட்டினால் தாமதம் வந்து பழைய கதைதான்.

கடைசியாக, மஞ்சள் நிற கியர் மோட்டாரை இதற்குப் பயன்படுத்துகிறோம் என்று வேறு இரண்டு குழுக்கள் எழுதியிருக்கின்றன. அதைக் கையால் திருப்பிப் பாருங்கள்: கரகரவென்று இருக்கும், பல்லுக்குப் பல் ஆட்டமும் இருக்கும். சுவர் இல்லாத இடத்திலும் கைக்குச் சுவர் தெரியும். கியர் இல்லாத டிசி மோட்டார், அதன் தண்டில் சுற்றிய கேபிளால் பெரிய வட்டப்பகுதியைத் திருப்பும் கேப்ஸ்டன் அமைப்பு, இதுவே வழி. கேபிள் தளர்ந்தால் வழுக்கும், அதனால் இறுக்க ஒரு திருகு வையுங்கள்.

கேள்வி: தூர அளவி சென்சாரில் இருக்கும் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பிகள் 16 வாங்கி, காற்றிலேயே தொடு உணர்வு தர முடியுமா? (கோவை)

தத்துவம் சரி, எண்ணிக்கை போதாது. இத்தகைய கருவிகளில் 16-க்கு 16 என்று 256 ஒலிபரப்பி வைப்பது வழக்கம். அலைநீளம் 8.6 மி.மீ. மட்டுமே என்பதால் எல்லாவற்றின் அலைக் கட்டத்தையும் (ஃபேஸ்) நுணுக்கமாகச் சரிசெய்து ஒரே புள்ளியில் குவிக்க வேண்டும். தோல் 40 கிலோஹெர்ட்ஸை உணராது, ஆகவே 200 ஹெர்ட்ஸில் ஏற்றி இறக்க வேண்டும். அத்தனை செய்தும் கிடைப்பது மெல்லிய காற்று பட்டது போன்ற உணர்வே. ஒரு செமஸ்டரில் முடிக்க நினைத்தால் வேறு எடுங்கள்.

கேள்வி: பார்வையற்றோருக்காக, தடை வந்தால் அதிரும் கைத்தடி செய்தோம். "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று உள்ளூர்ப் போட்டியில் சொல்லிவிட்டார்கள். இதில் புதுமை செய்ய இடமே இல்லையா? (பொறியியல் மாணவியர் குழு, சேலம்)

இருக்கிறது. முதலில் முன்னே நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 1969-லேயே அமெரிக்க நரம்பியல் அறிஞர் பால் பாக்-இ-ரீட்டா பழைய பல் மருத்துவ நாற்காலியின் முதுகில் 400 அதிர்விகள் வைத்து, கேமரா காணும் படத்தை முதுகால் உணரச் செய்தார். நம் நாட்டில் டெல்லி ஐ.ஐ.டி. உருவாக்கிய ஸ்மார்ட்கேன், அல்ட்ராசவுண்டால் முழங்காலுக்கு மேலுள்ள தடையைக் கண்டு கைப்பிடி அதிர்வால் சொல்கிறது. அதைத் தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். 2014-ல் வெளிவந்தது. தடை கண்டு அதிர்வது மட்டும் என்றால் நடுவர் சொன்னது சரி.

இப்போது வெள்ளைத் தடியைக் கையில் பிடித்து, கண்ணை மூடி, சிமென்ட் தரையிலிருந்து மண்ணுக்கு நகருங்கள். தடி நுனி உரசும் நடுக்கம் கைப்பிடி வரை ஏறி வந்து "மண்" என்று சொல்லும். சாக்கடை மூடியின் இரும்பு வேறு மாதிரி, ஈரத் தார்ச்சாலை வேறு மாதிரி. அந்தத் தடியே ஓர் அருமையான ஹேப்டிக் கருவி, அதைப் பயன்படுத்துபவர் வருடக்கணக்காகப் படித்த மொழி அது. அதே கைப்பிடியில் நீங்கள் 200 ஹெர்ட்ஸ் மோட்டார் வைத்தால் அந்த மொழியின் மேல் இரைச்சலைக் கொட்டுகிறீர்கள். பயன்படுத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பித் தருபவர்கள் இருந்தால், காரணம் இதுவா என்று கேளுங்கள்.

ஆகவே அதிர்வை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்: மறுகை மணிக்கட்டு, இடுப்பு, தோள். அல்லது அதிர்வையே விட்டுவிட்டு, சிறிய சர்வோவால் தோலை மெதுவாக 2, 3 மி.மீ. இழுத்துத் திசை காட்டுங்கள். அதைத் தோல் நன்கு உணரும், சத்தமும் குறைவு. எதைச் செய்வதானாலும் பார்வையற்ற இருவரையாவது முதல் நாளே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி முடிந்த பிறகு போய் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலோர் மனம் நோகக்கூடாது என்று "நன்றாக இருக்கிறது" என்பார்கள்.

கேள்வி: கருவி வேலை செய்கிறது என்று எப்படி நிரூபிப்பது? எத்தனை பேரிடம் சோதிக்க வேண்டும்? (மதுரை)

எட்டுத் திசைப் பட்டையை வைத்துச் சொல்கிறோம். குழுவில் இல்லாத 10, 12 பேர். ஒவ்வொரு திசையும் 10 முறை, மொத்தம் 80, கலைத்துப் போட்ட வரிசையில். சும்மா ஊகித்தாலே எட்டில் ஒன்று, அதாவது 12.5 விழுக்காடு சரியாக வரும். உங்கள் மதிப்பெண்ணை அதோடு ஒப்பிடுங்கள். சராசரியை மட்டும் எழுதாமல், எந்தத் திசையை எதனோடு குழப்பினார்கள் என்று 8-க்கு 8 கட்டம் போடுங்கள். தவறுகள் மூலைவிட்டத்தை ஒட்டியே இருந்தால் இடைவெளி போதவில்லை. ஒரே நிரையில் குவிந்தால் அந்த மோட்டார் சரியாகப் பொருந்தவில்லை.

காதை மறைக்க மறந்தால் சோதனை வீண். மோட்டார் சத்தமே எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும். ஹெட்ஃபோனில் ஒயிட் நாய்ஸ் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள், தொடர் அதிர்வில் தோல் மரத்துப்போகும். மனிதரிடம் சோதிப்பதால் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியும், பங்கேற்பவரின் எழுத்துச் சம்மதமும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

தாமதத்தையும் அளங்கள். மோட்டாருக்கு ஒரு சிறு காகிதக் கொடி ஒட்டி, தொடும் விரலும் கொடியும் தெரியும்படி ஃபோனின் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். ஒரு ஃபிரேம் 4.2 மில்லி விநாடி. விரல் தொட்டதிலிருந்து கொடி நடுங்கும் வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால் போதும். 12 ஃபிரேமைத் தாண்டினால் 50 மில்லி விநாடி ஆகிவிட்டது. பட்டன் உணர்வுக்கு அது அதிகம். புளூடூத்தின் இணைப்பு இடைவெளியும் காயின் மோட்டாரின் கிளம்பும் நேரமும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை.

கேள்வி: வெளிநாட்டு அரங்குக்குக் கருவியைக் கொண்டுபோகும்போது என்ன கவனிக்க வேண்டும்? (சென்னை)

காயின் மோட்டாரின் கம்பி தலைமுடி போல மெல்லியது, உடலோடு சேரும் இடத்தில்தான் அறும். ஒட்டும்போதே கம்பியில் ஒரு சிறு வளையம் விட்டு, வளையத்துக்கு அப்பால் பசை வைத்துப் பிடிமானம் கொடுங்கள். ஃபெவிகுவிக் வேண்டாம், மெல்லிய துளையில் புகுந்து உள்ளிருக்கும் எடையையும் சேர்த்து ஒட்டிவிடும். எட்டு மோட்டார் உள்ள கருவிக்கு சால்டர் செய்து கனெக்டர் போட்ட உபரி எட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அரங்கில் சால்டரிங் செய்ய விடுவார்கள் என்று நம்ப வேண்டாம். பிரெட்போர்டில் இருப்பது பயணத்தில் கழன்றுவிடும், பெர்ஃப்போர்டிலாவது ஏற்றிவிடுங்கள்.

லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் இரண்டும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணிக்கு உட்பட்டதாக இருக்கட்டும், 3.7 வோல்ட்டில் அது சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-மணி. முனைகளை டேப்பால் மூடுங்கள். வெளியே கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையைப் பாதுகாப்புச் சோதனையில் கேட்பார்கள், என்ன கருவி என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் மேலேயே வையுங்கள்.

அரங்கில் ஒரு நாளில் பலர் அதே கையுறையைப் போடுவார்கள். தோலில் படும் துணியைத் தனியே கழற்றும்படி தைத்து, மாற்றுத் துணி பத்தாவது வையுங்கள். சிறிய கை, பெரிய கை இரண்டுக்கும் தனி அளவு வேண்டும். மேசையை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொடுத்தால் வேறிடம் கேளுங்கள், மேசைப் பலகை வழியாக வரும் முழக்கம் உங்கள் மெல்லிய அதிர்வை மூழ்கடித்துவிடும். கிடைக்காவிட்டால் கருவிக்கு அடியில் விரிக்க இரண்டு அங்குல ஃபோம் ஒரு துண்டு பெட்டியில் இருக்கட்டும்.